பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இதயத் தசை: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

பிரேதப் பரிசோதனை அறிக்கையை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, அறிக்கையில் இதயத்தைப் பற்றி வரும் ஓரிரு வரிகளைக் குறித்தே கேட்கின்றன. அந்த ஓரிரு வரிகளை வைத்துத்தான் காப்பீட்டுத் தொகை கிடைக்கிறது அல்லது மறுக்கப்படுகிறது, வழக்கு நடக்கிறது அல்லது முடிகிறது. எனவே இந்த இதழ் முழுவதையும் இதயத் தசைக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் தம்பி லாரி ஓட்டுநர், வயது 47. பவானி சாலையில் வண்டி புளியமரத்தில் மோதி, அந்த இடத்திலேயே இறந்துவிட்டான். விலா எலும்பு முறிவு, நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தம் என்பவற்றோடு, இதயத்தின் இடது கீழறையில் பழைய தழும்பு, ரத்தக் குழாயில் 80 சதவீத அடைப்பு என்றும் அறிக்கையில் இருக்கிறது. இதைக் காட்டி, மாரடைப்பால் இறந்தவருக்கு விபத்துக் காப்பீடு தர முடியாது என்கிறார்கள். அவனுக்கு மாரடைப்பு வந்ததாக எங்களுக்குத் தெரியவே தெரியாது. (சங்ககிரி)

பதில்: உங்கள் தம்பியின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். தழும்பிலிருந்தே தொடங்குகிறேன். இதயத் தசையில் ஒரு பகுதி மடிந்துவிட்டால் அந்த இடத்தில் புதுத் தசை வளர்வதில்லை. கொலாஜன் என்னும் நார்ப்பொருள் வந்து நிரம்புகிறது. அது இறுகி, வெண்மையாக, கத்திக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் தழும்பாக மாறுவதற்கு ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகின்றன. ஆகவே முதிர்ந்த தழும்பு ஒன்று காணப்பட்டால், பாதிப்பு நடந்து குறைந்தது 2 மாதங்களாவது ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். அது 3 மாதங்களுக்கு முன் வந்ததா, 10 ஆண்டுகளுக்கு முன் வந்ததா என்று நுண்ணோக்கியால் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனதில் வியப்பும் இல்லை. குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போவதுண்டு. வண்டியில் இருப்பவர்கள் அதை வாய்வுத் தொல்லை என்று எண்ணி, மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த லோடுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒருவர் நோயோடு இறப்பதும் நோயால் இறப்பதும் ஒன்றல்ல. ரத்தக் குழாயின் குறுக்குப் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்தால், அது ஒருவரைத் திடீரென்று கொல்லக்கூடியதுதான். அதே அளவு அடைப்போடு ஆண்டுக்கணக்கில் லோடு ஏற்றி இறக்கி வாழ்ந்தவர்களின் இதயங்களையும் பிரேத அறையில் நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். எனவே தழும்பும் அடைப்பும் மாரடைப்பு வந்திருக்கலாம் என்று மட்டுமே சொல்கின்றன; அன்று, அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால், அது வந்தது என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் காயங்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

உங்கள் கையில் உள்ள அறிக்கையில் நெஞ்சுக்கூட்டுக்குள் எவ்வளவு ரத்தம் இருந்தது என்று மில்லி லிட்டர் கணக்கில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். நின்றுபோன இதயம் ரத்தத்தை வெளியே தள்ளாது. இறந்த பின் உடைந்த இடத்திலிருந்து சிறிதளவு கசியலாமே தவிர, ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தால், மோதிய நேரத்தில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது என்று கொள்வதே பொருத்தம். முறிந்த விலா எலும்பைச் சுற்றியுள்ள தசையில் ரத்தம் ஊறியிருந்தது என்ற குறிப்பும் அதையே காட்டும். ஆம்புலன்ஸில் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தாலும் விலா எலும்புகள் உடையும். ஆனால் அவை பெரும்பாலும் முன்பக்கத்தில், குறைந்த ரத்தக் கசிவோடு இருக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டும்போது நெஞ்சுவலி வந்து, அதனால் வண்டி தடுமாறி மரத்தில் மோதியிருந்தாலும், உயிரைப் பறித்தது காயங்களே என்றால், மருத்துவ முறைப்படி மரணக் காரணம் காயங்கள்தாம். இதய நோய் துணைக் காரணமாக எழுதப்படும்.

பரிசோதனை செய்த மருத்துவரிடம் காவல் நிலையம் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ விளக்கக் கருத்து கேட்கலாம். காயங்கள் மட்டுமே மரணத்துக்குப் போதுமானவையா, அவை உயிரோடு இருந்தபோது ஏற்பட்டவையா, இதயத்தில் தழும்பைத் தவிரப் புதிய பாதிப்பு ஏதும் இருந்ததா என்று தெளிவாகக் கேளுங்கள். சாலையில் பிரேக் பிடித்த தடம் இருந்ததா, உடன் சென்ற கிளீனர் என்ன சொன்னார் என்பதும் ஆவணத்தில் இருக்கட்டும். அந்தப் பதில்களோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவது நல்லது.

கேள்வி: எங்கள் ஐயன் தறி குடோனில் வேலையில் இருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், அரை மணி நேரத்துக்குள் இறந்துவிட்டார். வயது 58. நுண்ணோக்கி ஆய்வில் ‘இதயத் தசையில் குறிப்பிடத்தக்க புதிய மாற்றம் இல்லை’ என்று எழுதிவிட்டு, இறுதிக் கருத்தில் ‘இதய ரத்தக் குழாய் நோயால் திடீர் மரணம்’ என்கிறார்கள். மாற்றமே இல்லாதபோது மாரடைப்பு என்பது எப்படிச் சரியாகும்? (சென்னிமலை)

பதில்: சரியாக இருக்க முடியும். அரை மணி நேரத்துக்குள் இறந்தவரின் இதயத் தசையில் மாற்றம் இல்லை என்பதுதான் நாங்கள் எதிர்பார்ப்பதே.

ரத்த ஓட்டம் நின்ற பிறகு 20 முதல் 40 நிமிடங்கள் கடந்தால்தான் தசை செல்களில் மீள முடியாத சேதம் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டாலும் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. தசை மடிந்ததன் தெளிவான அடையாளங்கள் நுண்ணோக்கியில் தென்பட 4 முதல் 12 மணி நேரம் வரை உயிர் இருந்திருக்க வேண்டும். நார்கள் வழக்கத்தைவிட அடர்ந்த இளஞ்சிவப்பாகி, உட்கரு சுருங்கத் தொடங்கும். அரை நாளுக்குப் பின் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. 1 முதல் 3 நாட்களில் அவை கூட்டமாக நிற்கும். 3-ஆம் நாளுக்குப் பின் மடிந்த தசையை அப்புறப்படுத்தும் மேக்ரோபேஜ் செல்கள் வருகின்றன. 10 நாட்களை ஒட்டிப் புது ரத்தக் குழாய்களும் இளம் நார்த்திசுவும் விளிம்பிலிருந்து உள்ளே வளர்கின்றன. வெறும் கண்ணால் பார்த்தால், முதல் 12 மணி நேரத்துக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது; பின்பு கருஞ்சிவப்புத் திட்டுகள், ஒரு வார அளவில் நடுவில் மஞ்சள் நிற மென்மை, கடைசியில் வெண் தழும்பு. இந்த வரிசைதான் எங்களுக்கு நாட்காட்டி. இதயம் நின்ற நொடியில் நாட்காட்டியும் நின்றுவிடுகிறது.

முதல் சில மணி நேரத்தை எட்டிப் பிடிக்க ஒரு வழி உண்டு. இதயத்தை அதன் நுனியிலிருந்து மேல் நோக்கி ஒரு செ.மீ. கனத்தில் குறுக்காக அரிந்து, ஒரு துண்டை டி.டி.சி. என்னும் டெட்ராசோலியம் கரைசலில் உடல் வெப்ப அளவில் வைத்திருந்தால், நல்ல தசை சிறிது நேரத்தில் செங்கல் சிவப்பாக மாறும். சேதமடைந்த தசையிலிருந்து நொதிகள் வெளியேறிவிட்டிருப்பதால் அந்த இடம் மட்டும் வெளிறியே நிற்கும். துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், எந்தக் குழாயின் பாசனப் பகுதி என்று விளிம்பு போட்டுக் காட்டியதுபோல் அது தெளிவாகத் தெரியும். ஆனால் இதற்கும் பாதிப்புக்குப் பின் 2 முதல் 3 மணி நேரமாவது உயிர் இருந்திருக்க வேண்டும். அழுகத் தொடங்கிய உடலில் இதை நம்ப முடியாது. 1974-இல் பூஷார்டி, மாஜ்னோ ஆகிய இருவரும் நார்கள் அலை அலையாக நெளிந்திருப்பதை மிக ஆரம்ப நிலை அடையாளமாக முன்வைத்தார்கள். அந்த நெளிவு வேறு காரணங்களால் இறந்தவர்களிடமும், திசுவைப் பதப்படுத்தும் முறையாலும் வருவதால், அதை மட்டும் வைத்து நான் எந்த அறிக்கையிலும் மாரடைப்பு என்று எழுதமாட்டேன்.

அப்படியானால் உங்கள் ஐயனுக்கு எதை வைத்து முடிவு செய்தார்கள்? தசையை வைத்து அல்ல, குழாயை வைத்து. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி குழாய்களை 3 மி.மீ. இடைவெளியில் நறுக்கிப் பார்க்கும்போது புதிதாக உறைந்த ரத்தக் கட்டியோ, கொழுப்புப் படிவு வெடித்த இடமோ, கடுமையான அடைப்போ இருந்திருக்கும். கூடவே நுரையீரல் குழாயில் கட்டி இல்லை, மூளையில் ரத்தக் கசிவு இல்லை, ரசாயனப் பரிசோதனையில் விஷம் இல்லை என்று மற்றவை விலக்கப்பட்டிருக்க வேண்டும். அறிக்கையில் குழாய்களைப் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் உங்கள் ஐயம் நியாயமானது, விளக்கம் கேளுங்கள்.

சில நேரங்களில் அரை மணி நேரத்தில் இறந்ததாகச் சொல்லப்படுபவரின் தசையில் 2 நாள் பழைய சேதம் இருக்கும். நியூட்ரோஃபில்கள் திரண்டு நிற்பதைக் கண்டு வீட்டாரிடம் மீண்டும் கேட்டால், முந்தாநாள் இரவு மார்பு பிடித்துக்கொண்டது, வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார் என்பார்கள்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்காலில் நான்கு நாட்கள் கழித்து மீட்கப்பட்ட உடலில் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியுமா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: பழைய தழும்பையும் குழாய் அடைப்பையும் கண்டுபிடிக்கலாம், அவை அழுகலைத் தாங்கி நிற்கும். புதிய பாதிப்பைக் காண்பது கடினம். அழுகலிலும் உட்கருக்கள் மறையும், மாரடைப்பிலும் மறையும். அழுகலில் அது எங்கும் ஒரே சீராக நடக்கிறது, வெள்ளணுக்கள் வந்து சேர்வதில்லை. மாரடைப்பில் ஒரு குழாயின் எல்லைக்குள் மட்டும் நடக்கிறது. கோடைக் காலத்தில் குளிர்பதனம் இல்லாமல் ஒரு நாள் வைத்திருந்தாலே இந்த வேறுபாடு மங்கத் தொடங்கும்.

கேள்வி: தோட்டத்து மோட்டார் ரூமில் மாமனார் விழுந்து கிடந்தார். மருத்துவமனையில் ஊசி போட்டு, மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தும் பிழைக்கவில்லை. இதயத்தில் ‘சுருக்கப் பட்டைகள்’ இருந்ததாக அறிக்கை சொல்கிறது. இது மின்சாரம் தாக்கியதற்கு ஆதாரமா? (அந்தியூர்)

பதில்: இல்லை, தனியாக ஆதாரமாகாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தச் சொல் அறிக்கையில் வந்துவிட்டால் வழக்கறிஞர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தசை நார் அளவுக்கு மீறிச் சுருங்கிச் செயலிழக்கும்போது, அதன் குறுக்கே அடர்ந்த சிவப்புக் கோடுகள் விழுகின்றன. அவையே சுருக்கப் பட்டைகள். அட்ரினலின் வகை ரசாயனங்கள் உடலில் வெள்ளமாகப் பாயும் எந்த நிலையிலும் இவை உண்டாகும்: மின்சாரம் தாக்கும்போது, தலைக் காயத்தில், செந்தேள் கொட்டும்போது, அடைப்பு நீங்கி ரத்தம் மீண்டும் பாயும்போது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் காக்கும் முயற்சியில் நாங்களே செலுத்தும் அட்ரினலின் ஊசியாலும், கொடுக்கும் மின்னதிர்ச்சியாலும் சில நிமிடங்களிலேயே இவை தோன்றும். உங்கள் மாமனாருக்கு இரண்டும் செய்யப்பட்டிருக்கின்றன. ஆகவே அந்தப் பட்டைகளைச் சிகிச்சையின் விளைவு என்றே முதலில் கொள்ள வேண்டும். மருத்துவமனை சிகிச்சைக் குறிப்பைப் படிக்காமல் இதயத் திசுவுக்குப் பொருள் சொல்லக்கூடாது என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மின்சாரத்தால் வரும் மரணம் பெரும்பாலும் இதயம் துடிப்பதற்குப் பதில் நடுங்கி நின்றுவிடுவதால் நேர்கிறது. அந்த நடுக்கம் திசுவில் எந்தத் தடத்தையும் விட்டுச் செல்வதில்லை. எனவே தோலில் மின் காயம் இருந்ததா, அந்தத் தோல் நுண்ணோக்கி ஆய்வுக்கு அனுப்பப்பட்டதா, ஸ்டார்ட்டர் பெட்டியில் கசிவு இருந்ததை மின்வாரிய ஆய்வு உறுதி செய்ததா என்பவைதான் உங்கள் ஆதாரங்கள். ஈரக் கையோடு அகலமாகத் தொட்டிருந்தால் காயமே இல்லாமலும் போகலாம். அப்போது இடத்தை ஆய்வு செய்த அறிக்கைதான் வழக்கின் தூண்.

கேள்வி: எங்கள் மகளுக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள்தாம் ஆகின்றன. மாமியார் வீட்டில் திடீரென்று இறந்தாள். ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது. இதயத்தில் ‘ஆங்காங்கே சில லிம்ஃபோசைட்கள்’ இருந்ததால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம் என்று பேச்சு. விஷத்தை மறைக்கிறார்களோ என்று அஞ்சுகிறோம். (தாராபுரம்)

பதில்: அம்மா, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்துக்கிடமான முறையில் இறந்தால் நிர்வாக நடுவர், அதாவது ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர், விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194, 196-ஆம் பிரிவுகளின்கீழ் நடக்கிறது. மருத்துவப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன்.

லிம்ஃபோசைட் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. ‘ஆங்காங்கே சில லிம்ஃபோசைட்கள்’ என்பது இதயத் தசை அழற்சி அல்ல. நலமாக இருந்து விபத்தில் இறந்தவரின் இதயத்திலும் அவை இருக்கும். இதயத் தசை அழற்சியை உறுதி செய்ய 1980-களில் வகுக்கப்பட்ட டாலஸ் அளவுகோல்படி, அழற்சி செல்களோடு அவற்றின் அருகிலுள்ள தசை நார்களும் சேதமடைந்திருக்க வேண்டும். அந்தச் சேதம் ரத்தக் குழாய் அடைப்பால் வரும் வகையாக இருக்கக்கூடாது. பின்னர் 2013-இல் ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் நிபுணர் குழு, சிறப்புச் சாயங்களைக் கொண்டு எண்ணும்போது ஒரு சதுர மி.மீ. பரப்பில் 14 வெள்ளணுக்களாவது, அவற்றில் டி-லிம்ஃபோசைட்கள் 7-ஆவது இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால், ஒரே ஒரு துண்டைப் பார்த்து உண்டு என்றோ இல்லை என்றோ சொல்வதும் தவறு. இடது கீழறையின் மூன்று பக்கங்கள், கீழறைகளுக்கு இடையிலுள்ள நடுச்சுவர், வலது கீழறை என்று பல இடங்களிலிருந்து திசு எடுத்திருக்க வேண்டும். எத்தனை துண்டுகள், எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

விஷத்தைப் பொறுத்தவரை, இதயத் திசு அதன் பெயரைச் சொல்லாது. அரளி விதையில் உள்ள பொருள் இதயத் துடிப்பைக் குலைக்கிறது. இதயத்தின் உட்சுவருக்கு அடியில் சிறு ரத்தப் புள்ளிகள் இருக்கலாம். அதே புள்ளிகள் தலைக் காயத்திலும் கடும் ரத்த இழப்பிலும் உண்டு. தானியக் கிடங்கில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தசையில் வீக்கத்தையும் சிதறலான சேதத்தையும் உண்டாக்கும். அதுவும் அதற்கே உரிய அடையாளம் அல்ல. விஷத்துக்கு விடை தருவது ரசாயனப் பரிசோதனைதான். இங்கே ஒரு நடைமுறைச் செய்தி மிக முக்கியம். நுண்ணோக்கிக்குச் செல்லும் திசுவை 10 சதவீத ஃபார்மலினிலும், தடய அறிவியல் ஆய்வகத்துக்குச் செல்லும் உள்ளுறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலிலும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் இரண்டு பரிசோதனையும் கெடும். உள்ளுறுப்புகள் எந்தக் கரைசலில், எந்தத் தேதியில் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன என்ற விவரத்தை விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இரண்டு அறிக்கைகளும் வந்து சேராமல் இறுதிக் கருத்து எழுதப்படக்கூடாது. அது வரை ‘காரணம் நிலுவையில்’ என்று இருப்பது தாமதம்தானே தவிர மறைப்பு அல்ல.

கேள்வி: என் அண்ணன் மகன், 19 வயது, கபடி ஆடும்போது களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தான். ‘நடுச்சுவர் தடிப்பு, நார்கள் ஒழுங்கற்ற அமைப்பு’ என்று அறிக்கை வந்திருக்கிறது. அவனுக்கு 15 வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். (காங்கேயம்)

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமாகப் பதில் தேவை. இதயத் தசைத் தடிப்பு நோய் எனப்படும் பரம்பரை நோயின் விவரிப்பு இது. இதை இன்றைய வடிவில் முதலில் விளக்கியவர் லண்டனைச் சேர்ந்த நோய்க்கூறியல் மருத்துவர் டொனால்டு டியர். 1958-இல், திடீரென்று இறந்த இளைஞர்களின் இதயங்களைப் பார்த்து எழுதினார். பிரேத மேசையில் தொடங்கிய அறிவு அது.

உங்கள் ஊர்ப் பக்கத்தவர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால் எளிதாகப் புரியும்: தறியில் பாவு நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். இந்த நோயில் தசை நார்கள் சிக்குண்ட பாவுபோல ஒன்றன்மீது ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. மின் சமிக்ஞை அந்தச் சிக்கலில் தடுமாறுகிறது. கடும் பயிற்சி செய்யும் வீரரின் இதயமும் தடித்திருக்கும், ஆனால் அதில் நார்கள் ஒழுங்காகவே இருக்கும். கீழறைகள் இரண்டும் நடுச்சுவரோடு சேரும் மூலைகளில் மட்டும் நலமான இதயத்திலும் சிறிது ஒழுங்கின்மை இருப்பதால், திசு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 4 சதவீத மக்களிடம் இருப்பதாக 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அதனால் அச்சப்படாமல், ஆனால் தாமதிக்காமல் பரிசோதனை செய்ய வேண்டும்.

தங்கைக்கும் பெற்றோர் இருவருக்கும் இ.சி.ஜி.யும் எக்கோவும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். இப்போது இயல்பாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு வளரும் வயது முடியும் வரை 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பெரியவர்களுக்கு 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் திரும்ப எடுக்க வேண்டும். எக்கோ பார்க்கும் வரை அவளை ஓட்டப் பந்தயத்துக்கும் கபடிக்கும் அனுப்ப வேண்டாம். மருத்துவரிடம் செல்லும்போது பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு நுண்ணோக்கி ஆய்வு அறிக்கையின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். பையனின் ரத்த மாதிரி ஏதேனும் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்றும் உடனே கேளுங்கள். இருந்தால் அதில் மரபணுப் பரிசோதனை செய்து, அதே மாற்றம் தங்கைக்கு உண்டா என்று நேரடியாகப் பார்த்துவிடலாம்.